கணவன், மனைவி இருவரின் வருமான வரியும் சரியா? வீட்டிலேயே சரிபார்க்கும் முறை

இந்தியாவில் தம்பதிக்குச் சேர்த்து ஒரே ரிட்டர்ன் கிடையாது. அவரவர் பான், அவரவர் கணக்கு. ஆனால் வீட்டுப் பணம் அப்படிப் பிரிந்து கிடப்பதில்லையே. தப்பு நுழைவதும் அங்கேதான். கீழே உள்ள எண்கள் 2025-26 நிதியாண்டின் புதிய வரி முறைக்கானவை.

1. காகிதங்கள்

இருவரின் ஃபார்ம் 16 (கம்பெனி தரும் சம்பள, வரிச் சான்று), ஃபார்ம் 26ஏஎஸ் (உங்கள் பானில் பிடித்த வரியின் பட்டியல்), ஏஐஎஸ் (வட்டி, பங்கு விற்பனை போன்ற வரவுகளின் ஆண்டுப் பட்டியல்) மூன்றையும் எடுத்து வையுங்கள். பின்னிரண்டும் வருமான வரித்துறை இணையதளத்தில் அவரவர் பானில் நுழைந்தால் கிடைக்கும். ஏஐஎஸ் பிடிஎஃப் கடவுச்சொல் கேட்கும்: பான் எண்ணைச் சின்ன எழுத்தில் அடித்து, இடைவெளி விடாமல் பிறந்த தேதியை எட்டு இலக்கமாகச் சேருங்கள்.

2. சம்பளம்

வருடத்தின் நடுவில் வேலை மாறியவர் இருந்தால் முதலில் அவர் கணக்கைப் பாருங்கள். பழைய சம்பளத்தைச் சொல்லாவிட்டால் புதிய கம்பெனி தான் கொடுத்ததை மட்டும் வைத்து டிடிஎஸ் (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடிக்கும். சம்பளக்காரருக்கு உரிய நிலைக்கழிவு (ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன்) ₹75,000 இரண்டு ஃபார்ம் 16-இலும் கழிந்திருக்கும். உங்களுக்கு உரியது ஒருமுறைதான்.

3. வட்டி யாருடையது?

நேரம் செலவிட வேண்டிய இடம் இது. டெபாசிட் யார் பெயரில் இருக்கிறது என்று பார்க்காதீர்கள், பணம் யாருடையது என்று பாருங்கள். கணவன் தன் பணத்தை மனைவி பெயரில் போட்டால், 1961 வருமான வரிச் சட்டத்தின் பிரிவு 64-இன்படி அந்த வட்டி கணவனின் வருமானத்தில் சேரும். மனைவி கொடுத்தாலும் இதே விதிதான். கொடுத்த தொகைக்கு வரியில்லை, அது ஈட்டும் வட்டிக்குத்தான். அந்த வட்டியை மறுபடி முதலீடு செய்து வரும் வருமானம் மட்டும், பெற்றவருடையது.

ஓர் உதாரணம். கணவன் சம்பளம் ₹14 லட்சம், மனைவி சம்பளம் ₹7.2 லட்சம். கணவன் கொடுத்த ₹10 லட்சம் மனைவி பெயரில் 7% எஃப்டியில் இருக்கிறது. வட்டி ₹70,000. ஆண்டு வட்டி ₹50,000-ஐத் தாண்டியதால் வங்கி மனைவி பானில் ₹7,000 டிடிஎஸ் பிடித்துவிட்டது.

மனைவி இந்த வட்டியைத் தன் ரிட்டர்னில் காட்டினால், நிலைக்கழிவு ₹75,000 போக மொத்தம் ₹7,15,000. ₹12 லட்சம் வரை வரி முழுவதும் தள்ளுபடி என்பதால் வரி பூஜ்யம், ₹7,000 ரீஃபண்டும் வரும். பார்க்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் தவறு.

4. சரியான கணக்கு

முதல் ₹4 லட்சத்துக்கு வரி இல்லை. அடுத்தடுத்த ₹4 லட்சங்களுக்கு 5%, 10%, 15%, 20%, 25%. ₹24 லட்சத்துக்கு மேல் 30%. கடைசியில் அந்த வரியின் மேல் 4% செஸ்.

வட்டி சேராமல் கணவனுக்கு: 14,00,000 − 75,000 = ₹13,25,000. வரி 20,000 + 40,000 + 18,750 = ₹78,750; செஸ்ஸோடு ₹81,900. அலுவலகம் பிடித்திருப்பது இதைத்தான்.

வட்டி சேர்ந்தால் ₹13,95,000. வரி ₹89,250, செஸ்ஸோடு ₹92,820. பாக்கி ₹10,920.

மனைவி பானில் பிடித்த ₹7,000-ஐக் கணவன் கணக்கில் கழிக்க விதி 37பிஏ வழி தருகிறது: வட்டி கணவனுடையது என்று மனைவி வங்கியில் எழுதிக் கொடுத்தால், வங்கி டிடிஎஸ்ஸைக் கணவன் பானில் பதியும். இதை ரிட்டர்ன் போடுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

5. வழுக்கும் இடங்கள்

சேமிப்புக் கணக்கு வட்டிக்கான ₹10,000 கழிவு பழைய முறையில் மட்டும்தான். டிடிஎஸ் பிடிக்காத வட்டிக்கும் வரி உண்டு. "12 லட்சம் வரை வரியே இல்லை" என்று நம்பி, பங்கு விற்ற லாபத்தை மறந்துவிடுபவர்கள் நிறைய. தனி விகிதத்தில் வரி போடப்படும் அந்த லாபத்துக்கு இந்தத் தள்ளுபடி கிடைக்காது. குழந்தை பெயரில் வரும் வட்டி, பெற்றோரில் அதிக வருமானம் உள்ளவர் கணக்கில் சேரும்.

ஏஐஎஸ்ஸில் உங்களுடையது இல்லாத பதிவு ஏதாவது இருந்தால், அதே பக்கத்தில் மறுப்பைப் பதியலாம். ரிட்டர்ன் போட்டு 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் சரிபார்த்துவிடுங்கள், இருவரும் தனித்தனியாக.