மெய்நிகர் இயந்திரங்களின் வலையமைப்பு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வவுனியாவிலும் கிளிநொச்சியிலும் சேர்வர் பராமரிப்பில் புதிதாக இறங்கும் பிள்ளைகள், முன்னே போனவர்கள் இடறிய அதே இடங்களில்தான் மாறிமாறி இடறுகிறார்கள். கேபிள் கழன்றது, ஐபி முகவரி இரட்டித்தது போன்றவற்றை இங்கே எழுதப்போவதில்லை. அவை தாமாகவே தெரிந்துவிடும்.

எம்ரியூவைப் பாராமல் விடுதல்

இன்றும் எனக்கு எரிச்சலூட்டுவது இதுதான். எம்ரியூ என்பது, பொதி எனப்படும் தரவுத் துண்டு எவ்வளவு பெரிதாக இருக்கலாம் என்ற எல்லை. பல சேர்வர்களை இணைத்த கொத்தணியில் வீஎக்ஸ்லான் சுரங்கம் (ஒரு பொதியை இன்னொரு பொதிக்குள் வைத்துச் சேர்வர்களுக்கிடையே அனுப்பும் முறை) போட்டால், ஒவ்வொரு பொதியின் மீதும் 50 பைற்று மேலுறை ஏறுகிறது. கீழேயுள்ள சுவிச் 1500 பைற்றுக்கே அமைந்திருக்க, மெய்நிகர் இயந்திரமும் (சேர்வருக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) 1500 என்றே வைத்திருந்தால், நிறைந்த பொதிகள் வழியிலேயே விழுந்துவிடும். இடையில் வழிச்செலுத்தி எதுவும் இல்லாததால், பொதி பெரிதாகிவிட்டது என்று அனுப்பிய இயந்திரத்துக்கு அறிவிக்கவும் ஆளில்லை. பிங் என்ற சிறு சோதனைப் பொதி போகும், இணைப்பும் ஏற்படும், பெரிய கோப்பொன்றை இழுத்தவுடன் எல்லாம் நின்றுவிடும்.

கிளிநொச்சியில் ஓர் அலுவலகத்தில் இக்குறை வந்தபோது முதலில் தரவுத்தளத்தைக் குறைகூறினார்கள், பிறகு காசு கொடுத்துப் புதிய சுவிச்சே வாங்கினார்கள். "அண்ணை, நேற்றுவரைக்கும் நல்லா ஓடினது" என்றார் அங்கிருந்த இளம் உத்தியோகத்தர். ஓடியது உண்மைதான்: அதுவரை செயலியும் தரவுத்தளமும் ஒரே சேர்வரில் இருந்தபடியால் பொதிகள் சுரங்கத்துக்குள் நுழையவே இல்லை, முதல்நாள் இரவுதான் ஒன்றை வேறு சேர்வருக்கு நகர்த்தியிருந்தார்கள். துண்டாக்கலைத் தடுத்து 1472 பைற்று அளவில் பிங் அனுப்பச் சொன்னேன், பதில் இல்லை. 1422 போனது. 28 பைற்று தலைப்பையும் கூட்டினால் 1450. வாங்கிய சுவிச்சும் 1500 என்ற இயல்பமைப்போடுதான் வந்திருந்தது.

மெய்நிகர் இயந்திரங்களில் 1450 என்று வையுங்கள். அல்லது கீழுள்ள சுவிச் துறைகளிலும் சேர்வர் அட்டைகளிலும் 1550க்குக் குறையாமல் உயர்த்துங்கள். ஒரு துறை விடுபட்டாலும் பயனில்லை. உள்ளே டொக்கர் (செயலிகளைத் தனித்தனிக் கொள்கலன்களில் ஓட்டும் மென்பொருள்) ஓடினால், அதன் பாலம் என்ற மெய்நிகர் சுவிச் இயல்பாக 1500இலேயே நிற்கும். அதையும் தனியே குறைக்க வேண்டும்.

ஒரே சேர்வருக்குள் வேகம் அளத்தல்

வேகம் அளக்கும் ஐபேர்ஃப்3 ஒரே சேர்வரிலுள்ள இரு மெய்நிகர் இயந்திரங்களுக்கிடையே 10 கிகாபிற் காட்டினாலும் மகிழ வேண்டாம், பொதி கம்பியைத் தொடவே இல்லை. 1 கிகாபிற் கம்பியில் உண்மையாகக் கிடைப்பது ஏறக்குறைய 940 மெகாபிற்.

ஈ1000 அட்டை

இது பழைய இன்ரெல் அட்டையைப் போல நடிக்கும் மெய்நிகர் வலையட்டை. மெய்நிகர் இயந்திரங்களுக்கென்றே உருவான விர்ட்ஐஓவுக்கு மாற்றுங்கள்.

காப்பெடுப்பும் கொத்தணியும் ஒரே கம்பியில்

இரவுக் காப்பெடுப்பு கம்பியை நிறைத்துவிட்டால், சேர்வர்கள் ஒன்றையொன்று விசாரிக்கும் சிறு பொதிகள் தாமதிக்கும். அத்தாமதம் மிகுந்தால், தானியங்கி மீட்பு இயக்கப்பட்ட கொத்தணியில், பழுதில்லாத சேர்வரே பெரும்பான்மைச் சேர்வர்களோடு தொடர்பை இழந்ததாகக் கருதித் தன்னை மறுதொடக்கம் செய்துகொள்ளும். அப்பொதிகளுக்குத் தனி அட்டை ஒதுக்குங்கள்.