மென்பொருளின் உதவிப் பக்கங்களை எந்த உரை வடிவத்தில் எழுதுவது?

க்யூட்டியில் (ஜன்னல், பட்டன் கொண்ட மென்பொருள்களை எழுத உதவும் நிரல் தொகுப்பு) எழுதிய சிறிய டெஸ்க்டாப் மென்பொருள் ஒன்று. அதற்குத் தமிழில் முப்பது, நாற்பது உதவிப் பக்கங்கள் வேண்டும். எளிய உரையாக எழுத மார்க்டவுன், ஆஸ்கிடாக், ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்ட் என மூன்று வழிகள் உண்டு. தமிழில் எழுதும்போது இவற்றுக்குள் வரும் வித்தியாசங்களைப் பொதுவான ஒப்பீடுகளில் யாரும் சொல்வதில்லை. அவைதான் பிறகு படுத்தி எடுப்பவை.

படி 1: எங்கே காட்டப் போகிறீர்கள்?

வடிவத்தை விட்டுவிட்டு முதலில் ஜன்னலை முடிவு செய்யுங்கள். க்யூட்டி 5.14 முதல் டெக்ஸ்ட் பிரவுசர் விட்ஜெட் (ஜன்னலில் உரையைக் காட்டும் உறுப்பு) மார்க்டவுனை நேரடியாகப் படிக்கும். ஃபைல் பெயர் .எம்டி என்று முடிந்தால் போதும், அதுவே கண்டுகொள்ளும். மாற்றித்தரும் கருவி எதுவும் வேண்டாம். ஆனால் ஜாவாஸ்கிரிப்ட் ஓடாது, படங்களும் ஜன்னலின் அகலத்துக்கு ஏற்பச் சுருங்காது. அதனால் படங்களை 600 பிக்சல் அகலத்துக்குள் வையுங்கள். இதற்காக க்யூட்டியின் வெப் எஞ்ஜினைச் சேர்த்தால் குரோம் உலாவியின் அடித்தளமான குரோமியமே கூட வரும். நிறுவும் அளவு 100 எம்பிக்கு மேல் கூடும். உதவிப் பக்கத்துக்கு அது வேண்டாத சுமை.

விண்டோஸின் பழைய உதவி ஃபைல் வடிவமான சிஎச்எம் தமிழுக்கு உதவாது. அதன் பொருளடக்கமும் சொல்லடைவும் யூனிகோடுக்கு முந்தைய 'ஆன்சி' குறியாக்கப் பட்டியல்களை நம்பியவை. விண்டோஸில் தமிழுக்கு அப்படி ஒரு பட்டியலே கிடையாது. இணையத்திலிருந்து இறக்கிய சிஎச்எம் ஃபைலை 'அன்பிளாக்' செய்யாமல் திறந்தால் பக்கம் வெறுமையாகவே நிற்கும் என்பது இன்னொரு தலைவலி.

படி 2: இருப்பதிலேயே சிக்கலான பக்கத்தை எழுதிப் பாருங்கள்

ஐந்து படிகள், இரண்டாம் படிக்குள் ஒரு படம், ஓர் எச்சரிக்கை, மூன்று நெடுவரிசை அட்டவணை, தடித்த எழுத்தில் பட்டன் பெயர்கள்: இவை எல்லாம் உள்ள ஒரே பக்கத்தை மூன்று வடிவங்களிலும் எழுதுங்கள்.

முதலில் பட்டன் பெயரைப் பாருங்கள். தமிழில் வேற்றுமை உருபு பெயரோடு ஒட்டித்தான் வரும். மார்க்டவுனில் `**சேமி**யை` என்று எழுதினால் 'சேமி' மட்டும் தடிக்கும், சிக்கலில்லை. ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டில் அதையே எழுதினால் எச்சரிக்கை வரும், நட்சத்திரங்கள் அப்படியே பக்கத்தில் தெரியும். முடிவுக் குறிக்குப் பின் இடைவெளியோ நிறுத்தக்குறியோ இருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஆகவே `**சேமி**\ யை` என்று பின்சாய்கோடும் இடைவெளியும் போட வேண்டும். அந்த இடைவெளி வெளியீட்டில் மறைந்துவிடும். ஆஸ்கிடாக்கில் வழக்கமான ஒற்றை நட்சத்திரம் இங்கே எடுபடாது, இரட்டை நட்சத்திரம் தேவை. பக்கத்துக்குப் பத்து இடத்தில் இப்படி வரும் என்பதால் இது சின்ன விஷயமல்ல.

மார்க்டவுனிலும் ஒரு பொறி இருக்கிறது: `**"சேமி"**யை` என்று மேற்கோள் குறியை உள்ளே வைத்தால் நட்சத்திரம் மூடாது. மூடும் நட்சத்திரத்துக்கு முன்னால் நிறுத்தக்குறியும் பின்னால் எழுத்தும் இருந்தால், மார்க்டவுனின் பொது விதித்தொகுப்பான காமன்மார்க்கின்படி அது முடிவுக் குறியாகாது. மேற்கோளை நீக்கிவிடுங்கள், தடித்த எழுத்தே போதும்.

அடுத்து எண் பட்டியல். இரண்டாம் படிக்குக் கீழே வரும் படத்தை, வெற்று வரி விட்டு, வரியின் தொடக்கத்திலேயே போட்டால் பட்டியல் அங்கே முறியும். எல்லாப் படிகளுக்கும் `1.` என்றே எழுதும் பழக்கம் இருந்தால் மூன்றாம் படி மறுபடி 1 ஆகிவிடும். `1.` என்பதற்குப் பின் ஓர் இடைவெளி விட்டு எழுதினால் படத்தின் வரியை மூன்று இடைவெளி தள்ளித் தொடங்குங்கள்: எண், புள்ளி, இடைவெளி மூன்றுக்கும் சேர்த்து.

எச்சரிக்கைப் பெட்டி ஆஸ்கிடாக்கிலும் ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டிலும் உள்ளேயே இருக்கிறது. காமன்மார்க்கில் இல்லை, `>` மேற்கோளைப் பயன்படுத்திச் சமாளிக்கலாம்.

படி 3: தேர்வு

பக்கங்கள் ஐம்பதுக்குள், மொழி ஒன்றிரண்டு என்றால் மார்க்டவுனே எங்கள் பரிந்துரை. பல மொழிகள், குறுக்குத் தொடர்புகள், உள்ளடக்கத் தேடல் எல்லாம் தேவையென்றால் ரீஸ்ட்ரக்சர்டு டெக்ஸ்டும், அதை உதவிப் பக்கங்களாக மாற்றும் ஸ்பிங்ஸ் என்ற கருவியும். ஸ்பிங்ஸ் மொழிபெயர்ப்புக்கான பிஓடி ஃபைல்களைத் தரும், க்யூட்டி ஹெல்ப் திட்ட ஃபைலையும் தரும். அதிலிருந்து க்யூட்டியின் க்யூஹெல்ப்ஜெனரேட்டர் கருவி எல்லாப் பக்கங்களும் அடங்கிய ஒரே க்யூசிஎச் ஃபைலை உருவாக்கும். ஸ்பிங்ஸுக்கு வேண்டிய பைத்தான், உதவியை எழுதுபவரின் கணினியில் இருந்தால் போதும், பயனரிடம் வேண்டாம். அட்டவணைக் கட்டத்துக்குள் பட்டியல் போடுமளவு கனமான ஆவணங்களுக்கு ஆஸ்கிடாக் நல்லது.

படி 4: எஃப்1 விசையை இணைத்தல்

எஃப்1 அழுத்தியதும் உரிய பக்கத்தைத் திறக்க, தலைப்பிலிருந்து தானாக உருவாகும் அடையாளத்தை நம்பாதீர்கள். தலைப்பைத் திருத்தினால் அது மாறும், தமிழ் எழுத்துகளை ஒவ்வொரு கருவியும் ஒவ்வொரு விதமாகக் கையாளும். ஒரு டயலாகுக்கு ஒரு ஃபைல் என்று வைத்து, ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஃபைலுக்குப் பெயரிடுங்கள். அதே பெயரை டயலாகின் பண்பாகச் சேமியுங்கள். விசையை அழுத்தியதும் கர்சர் இருக்கும் விட்ஜெட்டில் தொடங்கி, அந்தப் பண்பு கிடைக்கும்வரை தாய் விட்ஜெட்டுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கச் செய்யுங்கள். எங்கும் கிடைக்காவிட்டால் முகப்புப் பக்கத்தைத் திறங்கள். 'எஃப்1' என்று நேராக எழுதாமல் க்யூட்டியின் உதவிக்கான நிலையான விசையைப் பயன்படுத்துங்கள், மேக்கில் அது வேறு.

படி 5: வெளியிடும் முன்

எல்லா ஃபைல்களையும் பிஓஎம் (ஃபைலின் தொடக்கத்தில் வரும் மறைகுறி) இல்லாத யூடிஎஃப்-8 ஆகச் சேமியுங்கள். விண்டோஸ் 10-இன் 1903 பதிப்புக்கு முந்தைய நோட்பேட் இயல்பாக ஆன்சியில் சேமிக்கும். தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகும். பில்டின்போது ஒரு சின்ன ஸ்கிரிப்ட், டயலாக் பண்புகளில் உள்ள ஒவ்வொரு பெயருக்கும் ஃபைல் இருக்கிறதா, பக்கங்களிலுள்ள ஒவ்வொரு தொடுப்பும் படமும் இருக்கிறதா என்று பார்க்கட்டும். ஒன்று குறைந்தாலும் பில்ட் நிற்க வேண்டும்.