மோட்சார்ட்டின் 20ஆம் பியானோ கான்செர்ட்டோவைக் கேட்பது எப்படி

கான்செர்ட்டோ என்பது ஒரு தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ரா எனும் பெரிய வாத்தியக் குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு. இதில் மூன்று பகுதிகள். முதல்முறை கேட்பவர்கள் பலர் பியானோ எப்போது வரும் என்றே காத்திருப்பார்கள். சிலர் அதுவரை உள்ள பகுதியை ஓட்டியே விடுவார்கள். டி மைனர் சுருதியில் அமைந்த இந்தக் கான்செர்ட்டோவில் (மோட்சார்ட் படைப்புப் பட்டியலில் கே. 466) அப்படிச் செய்தால் பியானோ எதற்குப் பதில் சொல்கிறது என்பதே பிடிபடாது.

முதலில் ஒலியளவைச் சரிசெய்யுங்கள். தொடக்கம் மிக மெல்லியது. சுமார் அரை நிமிடத்தில் மொத்த ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து முழங்கும். அந்த முழக்கம் காதை உறுத்தாத அளவில் வைத்துக்கொண்டு ஆரம்பத்துக்குத் திரும்புங்கள். ஃபோன் ஸ்பீக்கர் வேண்டாம், ஹெட்ஃபோன் நல்லது. செல்லோவும் டபுள் பேஸும் மூன்று சிறு ஸ்வரங்களில் சட்டென மேலேறி நிற்கும் உறுமலைச் சின்ன ஸ்பீக்கர் விழுங்கிவிடும். அதற்கு மேலே வயலின்களும் வயோலாக்களும் தாள அடியில் விழாமல் அடிகளுக்கு இடையே துடித்துக்கொண்டிருக்கும். காலால் தாளம் போட்டுப் பாருங்கள், அந்தத் தள்ளாட்டம் உடம்பிலேயே தெரியும்.

இரண்டேகால் நிமிட வாக்கில் பியானோ நுழைகிறது, தன்னந்தனியாக, முற்றிலும் புதிய மெட்டுடன். இந்த மெட்டை ஆர்கெஸ்ட்ரா கடைசிவரை வாசிப்பதே இல்லை. முதல் பகுதியின் நடுவே பியானோ அதை எஃப் மேஜர், ஜி மைனர், ஈ ஃப்ளாட் மேஜர் என மூன்று சுருதிகளில் வைத்துப் பார்க்கிறது. ஒவ்வொரு முறையும் பழைய உறுமல் குறுக்கிடுகிறது. என் கணிப்பில் இந்தப் படைப்பின் உயிர் இந்த இடம்தான். இதை மட்டும் நான்கைந்து முறை திருப்பிக் கேளுங்கள்.

ஆர்கெஸ்ட்ரா உரக்க ஒரு நாதத்தில் நின்றதும் வருவது கேடென்சா, பியானோக்காரரின் தனி வாசிப்பு. இந்தக் கான்செர்ட்டோவுக்கு மோட்சார்ட் எழுதிய கேடென்சா எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. பலரும் பீத்தோவன் எழுதியதையே வாசிக்கிறார்கள். இரண்டு பதிவுகள் இங்கே வேறுபட்டால் குழம்ப வேண்டாம். அதன்பின் முதல் பகுதி ஆரவாரமில்லாமல் அடங்கிப்போகும்.

இரண்டாம் பகுதியான ரொமான்ஸுக்கு மோட்சார்ட் வேகக் குறிப்பு எழுதவில்லை. அதனால் சிலர் இழுத்துவிடுகிறார்கள். நடுவே ஜி மைனரில் ஒரு புயல் இருக்கிறது. அது பாய்ந்து ஓடாமல் தத்தினால் வேறு பதிவைத் தேடுங்கள்.

கடைசிப் பகுதியான ரோண்டோவைப் பியானோவே பாய்ந்தேறித் தொடங்குகிறது. இந்தக் கான்செர்ட்டோவுக்கு 1785 பிப்ரவரி 11 அன்று வியன்னாவில் முதல் அரங்கேற்றம். மோட்சார்ட்டின் தந்தை லியோபோல்ட் வந்து சேர்ந்தபோது படியெடுப்பவர் இன்னும் எழுதிக்கொண்டிருந்தார். அதை மேற்பார்த்துக்கொண்டிருந்த மோட்சார்ட்டுக்கு இந்த ரோண்டோவை ஒருமுறை வாசித்துப் பார்க்கவும் நேரமில்லை என்று லியோபோல்ட் மகளுக்கு எழுதினார். இந்தப் பகுதியிலும் வரும் கேடென்சாவுக்குப் பிறகு சுருதி டி மேஜருக்கு மாறி வெளிச்சம் வரும். அப்போது ஹார்ன்களும் ட்ரம்பெட்களும் குறும்பாகக் கொடுக்கும் குட்டிப் பதிலைத் தவறவிடாதீர்கள்.