தள்ளுவண்டிக் கடைக்கு ஸ்வநிதி கடன் வாங்குவது எப்படி

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஆன்லைன் விண்ணப்பம் போட்டுக் கொடுக்கும் கடை வைத்திருக்கிறேன். "அது கொரோனா லோன்தானே, எப்பவோ முடிஞ்சு போச்சே" என்று வாரத்தில் நாலு பேராவது சொல்கிறார்கள். முடியவில்லை. ஊரடங்கில் முடங்கிப்போன தெருவோர வியாபாரிகளுக்காக 2020 ஜூனில் மத்திய அரசு தொடங்கிய பிஎம் ஸ்வநிதி 2030 மார்ச் வரை நீட்டிக்கப்பட்டிருக்கிறது. முதல் கடன் அப்போது 10,000 ரூபாய், இப்போது 15,000.

முதல் வேலையாக, உங்கள் ஆதாரில் எந்த போன் நம்பர் இருக்கிறது என்று பாருங்கள். பாதிப் பேர் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள். பூ விற்கும் அக்கா ஒருவர் வியாபாரத்தை விட்டுவிட்டு மூன்று முறை வந்தார். ஒவ்வொரு முறையும் ஓடிபி அவர் மகனுடைய பழைய நம்பருக்குப் போனது. ரீசார்ஜ் செய்யாமல் அந்த சிம்மே போய்விட்டிருந்தது. ஆதார் மையத்தில் நம்பரை மாற்றிவிட்டு நான்காவது முறை வந்தபோது அரை மணி நேரத்தில் வேலை முடிந்தது.

அப்புறம், மாநகராட்சியோ நகராட்சியோ கொடுத்த வியாபாரி அடையாள அட்டை அல்லது விற்பனைச் சான்றிதழ். தெருவோர வியாபாரிகள் கணக்கெடுப்பில் பெயர் விட்டுப்போயிருந்தால் அதே அலுவலகத்தில் பரிந்துரைக் கடிதம் கேளுங்கள். கையில் அட்டை இல்லை என்று திரும்பிப் போய்விடாதீர்கள். வங்கி பாஸ்புக்கும் வேண்டும்.

நகையோ பத்திரமோ யார் கேட்டாலும் கொடுக்காதீர்கள். இந்தக் கடனுக்கு அடமானமே கிடையாது.

கட்டுவதற்கு 12 மாதம். அசல் மட்டும் மாதம் 1,250 வரும். நான் எல்லோரிடமும் சொல்வது இதுதான்: ராத்திரி கல்லாவை எண்ணும்போதே 50 ரூபாயைத் தனி டப்பாவில் போட்டுவிடுங்கள். மாதம் 1,500 சேரும், வட்டிக்கும் சேர்த்துப் போதும். தவணை தவறாமல் கட்டினால் 7 சதவீத வட்டி மானியம் உங்கள் கணக்குக்கே வரும். முழுதாக அடைத்ததும் அடுத்து 25,000, அதற்கடுத்து 50,000 கேட்கலாம். காலையில் 900 வாங்கி சாயங்காலம் 1,000 கட்டுகிற தண்டலில் இன்னும் எத்தனை பேர் கிடக்கிறார்கள்! அதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு கொதிக்கிறது.

பணம் வந்ததும் சரக்கில் போடுங்கள், பழைய கடனுக்கு மொத்தத்தையும் கொடுத்துவிடாதீர்கள். விண்ணப்ப எண்ணை மட்டும் தொலைத்துவிட வேண்டாம். கடன் எந்த நிலையில் இருக்கிறது என்று பார்க்க அதுதான் வேண்டும். அந்த அக்கா தராசுத் தட்டின் அடியில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி வைத்திருக்கிறார்.