மலாயாவின் ஜப்பான் எதிர்ப்புப் படையில் வெளிநாட்டுக் கை எவ்வளவு? ஒரே தாளில் கண்டுபிடிக்கும் முறை

எதிரி பிடித்துவைத்திருந்த நாட்டில் ரகசியப் படை திரட்டியது உள்ளூர்க்காரர்களா, வெளியே இருந்து வந்தவர்களா? ஒருவர் எழுதிய வரலாற்றை மட்டும் படித்தால் ஒரு பக்கக் கதைதான் கிடைக்கும். நான் செய்யும் எளிய முறை ஒன்று உண்டு. உதாரணத்துக்கு மலாயாவை எடுத்துக்கொள்வோம். மலேசியத் தமிழ் வீடுகளில் ‘ஜப்பான்காரன் காலம்’ என்பார்களே, பிரிட்டிஷாரிடமிருந்து மலாயாவை ஜப்பான் பிடித்துவைத்திருந்த அந்தக் காலம்தான்.

படி 1: ஒரு தாளில் மேலிருந்து கீழாக ஆள், பயிற்சி, வயர்லெஸ், ஆயுதம், உத்தரவு என்று எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘யார் தந்தது’, ‘எப்போது’ என இரண்டு கட்டம். புதிதாகச் செய்பவர்கள் ‘எப்போது’ கட்டத்தைத்தான் காலியாக விட்டுவிடுவார்கள். விடாதீர்கள்.

படி 2: ஆளும் பயிற்சியும். காட்டுக்குள் போனவர்களில் பெரும்பாலோர் சீனர்கள், மலாயா கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்தவர்கள். சீனாவில் ஜப்பான் செய்ததைக் கேட்டுக் கொதித்துப்போயிருந்தவர்கள். ஆக, ஆள் உள்ளூர். பயிற்சி? அதுவரை கட்சியைத் தடை செய்து ஆட்களைச் சிறையில் வைத்திருந்த பிரிட்டிஷார், 1941 டிசம்பரில் ஜப்பான் படை இறங்கியதும் அவர்களையே சிங்கப்பூரில் இருந்த 101-வது சிறப்புப் பயிற்சிப் பள்ளிக்கு அழைத்தார்கள். சுமார் 165 பேருக்கு அவசரப் பயிற்சி. 1942 பிப்ரவரி 15-இல் சிங்கப்பூர் விழுந்தது, பிரிட்டிஷாரோடு இருந்த தொடர்பும் அறுந்தது.

படி 3: வயர்லெஸ். இங்கே கொஞ்சம் நிதானியுங்கள். 1943 மே மாதம் ஜான் டேவிஸ் என்ற பிரிட்டிஷ் அதிகாரி, சீன உளவாளிகள் சிலருடன் இலங்கையிலிருந்து டச்சு நீர்மூழ்கிக் கப்பலில் வந்து பேராக் கரையில் இறங்கினார். பின்னால் ஃபோர்ஸ் 136 என்று பெயர் பெற்ற பிரிட்டிஷ் ரகசியப் போர் அமைப்பின் ஆள். வயர்லெஸ் கருவியும் வந்து சேர்ந்தது. ஆனால் காட்டு வழியில், ஜப்பானியர் கண்ணில் படாமல் மலைக்குத் தூக்கிப்போக முடியாத கனம், ஒளித்துவைக்க வேண்டியதாயிற்று. இலங்கையோடு பேச முடிந்தது 1945 தொடக்கத்தில்தான். சரி, இப்போது கட்டத்தை நிரப்புங்கள்: ‘பிரிட்டன், 1945’. அதற்கு முன் மூன்று வருடம் அந்தப் படை யார் உதவியில் உயிரோடு இருந்தது? காட்டோரக் குடிசைகளிலிருந்து அரிசியும் கிழங்கும் சுமந்துவந்த ஏழைகள் உதவியில்தான்.

படி 4: ஆயுதம். முதலில், பின்வாங்கிய படை விட்டுப்போன துப்பாக்கிகள். விமானத்திலிருந்து பாராசூட்டில் பெருமளவு இறங்கியது 1945-இல். வயர்லெஸ் இல்லாமல் எந்த இடத்தில் போடுவது?

படி 5: உத்தரவு. பேராக்கில் பிடோர் அருகே, பிளாந்தான் முகாமில், 1943 கடைசி நாட்களில் ஓர் ஒப்பந்தம். பிரிட்டன் ஆயுதமும் பணமும் மருந்தும் தரும்; கெரில்லாப் படை நேச நாட்டுத் தளபதியின் சொல் கேட்கும். போருக்குப் பிறகு நாடு யாருக்கு என்ற பேச்சையே எடுக்கவில்லை. கட்சி சார்பில் வந்தவர்களில் ஒருவர் சின் பெங். இன்னொருவர் கட்சித் தலைவர் லாய் டெக். இந்த லாய் டெக் ஜப்பானியருக்கும் உளவு சொல்லிக்கொண்டிருந்தவர்! 1942 செப்டம்பரில் பத்துமலை அருகே கூடிய கட்சித் தலைவர்களை ஜப்பானியர் சுற்றி வளைத்துக் கொன்றது அவர் காட்டிக்கொடுத்ததால்தான். எனவே ‘உத்தரவு’ கட்டத்தில் ஒரே பெயரை எழுதிவிட்டு நகர வேண்டாம்.

படி 6: தாளின் அடியில் ‘பிறகு’ என்று ஒரு வரி சேருங்கள். 1945 டிசம்பரில் படை கலைந்தது. ஆளுக்கு 350 மலாயா டாலர் வாங்கிக்கொண்டு ஆயுதத்தை ஒப்படைத்தார்கள். எல்லாவற்றையும் அல்ல, கொஞ்சம் காட்டிலேயே தங்கிவிட்டது. 1948-இல் அதே காட்டிலிருந்து சின் பெங் பிரிட்டிஷாரை எதிர்த்துப் போரிட்டார். ஜப்பானை எதிர்த்த போருக்காக அவருக்கு விருது கொடுத்த பிரிட்டிஷ் அரசு, அப்புறம் அவர் தலைக்கே விலை வைத்தது.