காணாமல் போன இணையப் பக்கத்தைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பக்கம் இல்லை என்று வந்தால் இணையப் பக்கங்களின் பழைய பிரதிகளைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷின் தளத்தில் முகவரியைப் போட்டுப் பார்க்கலாம் என்பது இன்று பலருக்கும் தெரிகிறது. போட்ட பிறகுதான் தப்பு நடக்கிறது.

கடைசிப் பிரதியோடு நின்றுவிடுவது

புதிதாகத் தேட வருகிறவர்கள் திரும்பத் திரும்ப விழும் குழி இது. கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பக்கத்தை விட்டுவிட்டு, "அழிந்தே போச்சு" என்று எழுந்துவிடுகிறார்கள். பார்க்கப் பார்க்க ஆற்றாமையாக இருக்கிறது.

தளம் மூடிய பிறகும் அந்த முகவரி வேபேக் மெஷினில் பதிவாகிக்கொண்டே இருக்கலாம். தளத்தின் பெயரை (டொமைனை) வேறு யாரோ வாங்கி விளம்பரம் போட்டிருந்தால் அதுவும் பதிவாகலாம். இலவசமாகத் தளம் வைக்க இடம் தந்த ஜியோசிட்டீஸை யாஹூ மூடியது 2009 அக்டோபரில். அங்கிருந்த பக்கத்துக்கு 2012-ஆம் ஆண்டுப் பிரதியைத் திறந்தால் என்ன கிடைக்கும்? 2009 அக்டோபருக்கு முன்னால் போக வேண்டும்.

முகவரியைப் போட்டதும் வரும் நாட்காட்டியில், பிரதி எடுத்த நாளில் நீல வட்டம் என்றால் பக்கம் ஒழுங்காக வந்தது. பச்சை, வேறு முகவரிக்குத் திருப்பிவிட்டது. ஆரஞ்சு, 404 (பக்கம் இல்லை) மாதிரிப் பிழை. சிவப்பு, சர்வர் கோளாறு. விளம்பரப் பக்கமும் நீலமாகவே தெரியும் என்பதால் நிறத்தை மட்டும் நம்ப முடியாது. மேலே உள்ள ஆண்டுப் பட்டையில், தளம் உயிரோடு இருந்த ஆண்டைத் தொட்டு அங்கிருந்து பாருங்கள்.

அந்த ஒரு பக்கம் பதிவாகவே இல்லையா? தள முகவரிக்குப் பின்னால் சாய்கோடும் நட்சத்திரக் குறியும் போட்டுத் தேடினால், அந்தத் தளத்தில் பதிவான முகவரிகள் பட்டியலாக வரும். தேடிய கட்டுரை கொஞ்சம் மாறிய முகவரியில் அதற்குள் கிடக்கலாம்.

பிளாக்ஸ்பாட்: டாட் இன், டாட் காம்

ஒரே பிளாக்ஸ்பாட் வலைப்பதிவு இந்த இரண்டு முடிவுகளிலும் பதிவாகியிருக்கலாம்; இரண்டையும் தேடுங்கள். பிரதிகள் தனித்தனியாக இருக்கும்.

கூகுள் கேஷ்

கூகுள் தேடலில் பக்கத்தின் சேமித்த பிரதியைக் காட்டிய வசதி இது. 2024-ல் எடுத்துவிட்டார்கள், அதைத் தேடி நேரம் கழிக்க வேண்டாம்.

தேதியைக் கவனிக்காமல் சொடுக்கிக்கொண்டே போவது

பிரதிக்குள் இருக்கும் இணைப்பைச் சொடுக்கினால் அதே நாளின் பக்கம் வரும் என்று உறுதியில்லை. கிடைப்பதில் அருகிலுள்ள தேதிக்குத் தாவும். 2003-லிருந்து 2007-க்குப் போயிருப்பீர்கள். முகவரியில் உள்ள 14 இலக்க எண்ணைப் பாருங்கள்: ஆண்டு, மாதம், நாள், மணி, நிமிடம், நொடி. நேரம் யூ.டி.சி. (உலகப் பொது நேரம்); இந்திய நேரத்துக்கு ஐந்தரை மணி கூட்டுங்கள்.

எழுத்து குதறியிருந்தால் மூடிவிடுவது

இன்றைய பொது எழுத்து முறையான யூனிகோடுக்கு முந்தைய தமிழ்ப் பக்கங்கள் திஸ்கி, பாமினி போன்ற பழைய எழுத்து முறைகளில் இருக்கும். ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி (jkpo;) என்று சின்ன ஆங்கில எழுத்துகள் நின்றால், அது பாமினியில் "தமிழ்". அப்படியே நகலெடுத்து பழைய எழுத்தை யூனிகோடாக மாற்றும் என்.எச்.எம். கன்வெர்ட்டர் மென்பொருளில் போடுங்கள், கட்டுரை வந்துவிடும்.