மூன்றாம் நாள் தெறித்த கலயங்கள்: என் அனுபவம்

மன்னார் வளைகுடாவின் பவளப்பாறை மடிப்புகளைப் பார்த்து, களிமண்ணைத் திரியாகத் திரித்து அடுக்கிக் கலயங்கள் செய்கிறேன். மண்டபத்தில் இந்த முறை சுட்டவை சூளையிலிருந்து எடுத்தபோது குறையில்லாமல் இருந்தன, தட்டினால் கணீரென்றன. மூன்றாம் நாள் மேற்பரப்பு சில்லுச் சில்லாகத் தெறித்தது.

ஈரம் போகவில்லை என்று நினைத்து நிழலில் கூடுதலாக ஒரு வாரம் உலர்த்தினேன். பலனில்லை. அடுத்த சூளையில் தீயை மெதுவாக ஏற்றினேன். அதுவும் வீண். கண்மாய் மண்ணையே மாற்றினேன். 25 நாள் போனதுதான் மிச்சம்.

பிறகுதான் கவனித்தேன்: ஒவ்வொரு குழியின் அடியிலும் கடுகளவு வெள்ளைப் புள்ளி. விரலால் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. பக்கத்து ஊரில் பானை வனையும் வேளார் ஐயாவிடம் காட்டினேன். "மணலில் எலுமிச்சை பிழிந்து பார்த்தாயா, தாயி?" என்றார்.

பிழிந்ததும் நுரைத்தது. விரிசல் விழாமலிருக்க நான் சேர்த்த கடற்கரை மணல் முழுக்கச் சிப்பித் தூள்! சுமார் 850 டிகிரி சூட்டில் சிப்பி சுட்ட சுண்ணாம்பாகிவிடுகிறது. பிறகு காற்றின் ஈரத்தைக் குடித்து உப்பி, மேலிருக்கும் மண்ணைப் பிளக்கிறது. கடலோரக் காற்றில் ஈரத்துக்கா பஞ்சம்?

மணலை அடியோடு விட்டேன். உடைந்த பழைய பானை ஓடுகளை இடித்துச் சலித்து, ஐந்து பங்கு மண்ணுக்கு ஒரு பங்கு சேர்த்தேன். கண்மாய் மண்ணையும் கரைத்து வடிகட்டினேன். அதில் நத்தை ஓடு இருக்கும். புதிய கலயங்கள் சுட்டு ஒன்றரை மாதமாகிறது. ஒரு சில்லுகூட விழவில்லை. அப்பாடா!